கல்லூரியில் தலைமை எங்கே தெரிகிறது? ஓர் எளிய விளக்கம்

உயர்கல்வியில் தலைமை என்றதும் பலருக்கும் துணைவேந்தரின் பட்டமளிப்பு விழா உரை, முதல்வர் அறையின் பெரிய மேசை, புதிய கட்டடத்தின் திறப்பு விழாக் கல்வெட்டு ஆகியவைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் உதவிப் பேராசிரியரும் அங்கே படிக்கும் மாணவரும் தலைமையைச் சந்திக்கும் இடங்கள் வேறு. ஜூன் மாதத்தில் கைக்கு வரும் கால அட்டவணையிலும், சனிக்கிழமைத் தேர்வுக் கண்காணிப்புக்கு யார் பெயர் போடப்பட்டிருக்கிறது என்பதிலும், அகமதிப்பீட்டு மதிப்பெண் குறைந்த மாணவர் எந்த அறைக் கதவைத் தயங்காமல் தட்ட முடிகிறது என்பதிலும் அவர்கள் அதைப் பார்க்கிறார்கள். இந்தக் கட்டுரை புதிதாகத் துறைத்தலைவர் பொறுப்பை ஏற்பவர்களையும், அந்தப் பொறுப்பு எப்படிப்பட்டது என்று அறிய விரும்புபவர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. வேலை, வாய்ப்பு, தகவல், அதிகாரம் ஆகியவற்றை யாருக்கு எவ்வளவு, எந்த முறையில் பகிர்ந்தளிப்பது என்பதே கல்லூரித் தலைமையின் பெரும்பகுதி என்பது என் உறுதியான கருத்து.

சமமானவர்களுக்கு நடுவே ஒரு பொறுப்பு

ஒரு தொழிற்சாலையின் மேற்பார்வையாளருக்கும் ஒரு கல்லூரித் துறைத்தலைவருக்கும் உள்ள முதல் வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். வேதியியல் துறையின் தலைவர் கரிம வேதியியலில் ஆய்வு செய்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய துறையில் இயற்பிய வேதியியல் நடத்துபவர் தம் பாடத்தைத் தலைவரைவிட நன்றாக அறிந்தவர்; வகுப்பறைக்குள் அவர் எதை, எப்படி விளக்க வேண்டும் என்று தலைவரால் உத்தரவு போட முடியாது, போடவும் கூடாது. ஊதியத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய நிலைகள் தீர்மானிக்கின்றன. அரசுக் கல்லூரியாக இருந்தால் நியமனமும் இடமாறுதலும் துறைத்தலைவரின் கையில் இல்லை. நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் பணிமூப்பில் முதலில் இருப்பவரே துறைத்தலைவர் ஆகிறார். மத்தியப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பொறுப்பு சுழற்சியில் அடுத்தவருக்குப் போகிறது. இன்று யாருக்கு வேலை ஒதுக்குகிறோமோ, அவரிடம் நாளை நாமே விடுப்பு விண்ணப்பத்தை நீட்ட வேண்டியிருக்கும்.

கட்டளையிடும் கருவிகள் இவ்வளவு குறைவாக உள்ள ஓரிடத்தில் ஒருவரின் சொல் எடுபட வேண்டுமென்றால், அவர் எடுக்கும் முடிவுகள் நியாயமானவை என்ற நம்பிக்கை சக ஆசிரியர்களிடம் இருந்தாக வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளில் நிலைமை சற்று வேறு. அங்கே நிர்வாகத்தின் ஒரு சொல்லில் ஆசிரியரின் வேலை போய்விடலாம் என்பதால் துறைத்தலைவரின் சொல்லுக்குக் கீழ்நோக்கிய பலம் அதிகம், மேல்நோக்கிய சுதந்திரம் குறைவு. அந்தப் பலத்தைப் பயன்படுத்தி வேலை வாங்கிவிடலாம். ஆனால் வேறு கல்லூரியில் இடம் கிடைத்ததும் கிளம்பிவிடும் ஆசிரியர்களை வைத்துக்கொண்டு ஒரு நல்ல துறையை உருவாக்க முடியாது. ஆகவே அங்கேயும் நியாயத்தின் தேவை குறையவில்லை, அதைக் காப்பாற்றுவதுதான் கடினமாகிறது.

அமைப்பைப் பற்றி ஒரு சொல். துறைக்கு மேலே கல்லூரி முதல்வர். உதவிபெறும் கல்லூரியிலும் சுயநிதிக் கல்லூரியிலும் அவரோடு நிர்வாகச் செயலர். இணைவுப் பல்கலைக்கழகத்தில் பாடங்களை வகுக்கும் பாடத்திட்டக் குழு, கல்விசார் முடிவுகளைப் பரிசீலிக்கும் கல்விக்குழு, சிண்டிகேட் எனப்படும் ஆட்சிக்குழு, செனட் எனப்படும் ஆட்சிப்பேரவை. கல்வியைப் பற்றிய பெரிய முடிவு எதையும் ஒரு தனிமனிதர் தனித்து எடுக்கக் கூடாது என்பதற்காகவே இத்தனை குழுக்கள் இருக்கின்றன. முடிவுகள் தாமதமாகின்றன என்ற குறை நெடுங்காலமாக உண்டு. ஆனாலும் ஒருவரே முடிவெடுத்து எல்லோரும் அதை அனுபவிக்கும் நிலைக்கு இந்தத் தாமதம் எவ்வளவோ மேல்.

கால அட்டவணை என்னும் முதல் தேர்வு

புதிய துறைத்தலைவரின் தலைமைப் பண்பைத் துறை முதலில் எடைபோடுவது கால அட்டவணையை வைத்துத்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாக ஆறு நாள் வரிசை, நாளுக்கு ஐந்து பாடவேளை என்று ஒவ்வொரு வகுப்புக்கும் 30 பாடவேளைகள் அமைகின்றன.

இப்போது பொருளியல் துறை ஒன்றைக் கற்பனை செய்வோம். இளங்கலை மூன்றாண்டும் முதுகலை இரண்டாண்டும் அங்கே உள்ளன. துணைப்பாடங்களையும் துறையே நடத்துகிறது. இளங்கலை முதல் இரண்டு ஆண்டுகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு பாடவேளைகள் போக, ஒவ்வோர் ஆண்டிலும் 18 துறைக்கு மிஞ்சும். இளங்கலை மூன்றாம் ஆண்டுக்கு 30, முதுகலை இரண்டு ஆண்டுகளுக்கும் முப்பது முப்பது. மொத்தம் 126 பாடவேளைகள். பாடவேளை ஒன்றை ஒரு மணி நேரமாகக் கொண்டால், இணைப் பேராசிரியரான தலைவருக்கு 14, ஏழு உதவிப் பேராசிரியர்களுக்குப் பதினாறு வீதம் 112. கணக்கு மிச்சமின்றித் தீர்ந்துவிடுகிறது. தாளில் பார்த்தால் எல்லோருக்கும் சமம்தான்.

ஆனால் துறையில் யாரும் இதைச் சமம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதற்குக் காரணமும் உண்டு. ஒரே தாளை, அதாவது ஒரே பாடத்தை, இரண்டு பிரிவுகளுக்கு நடத்துபவர் ஒருமுறை தயாரித்தால் போதும். நான்கு வெவ்வேறு தாள்களை நடத்துபவர் நான்கு முறை தயாரிக்க வேண்டும். புள்ளியியல் தாளில் ஒவ்வொரு கணக்கையும் கரும்பலகையில் போட்டுக்காட்டி, நோட்டுகளைத் திருத்திக் கொடுக்க வேண்டும். பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்பில் வந்து அமர்ந்திருக்கும் அறுபது முதலாண்டு மாணவர்களுக்கு நுண்ணியல் பொருளியலைத் தொடங்கிவைப்பது, பன்னிரண்டு முதுகலை மாணவர்களோடு கருத்தரங்கம் நடத்துவதைவிடப் பல மடங்கு உழைப்பைக் கேட்கும். முதல் பாடவேளையும் கடைசிப் பாடவேளையும் ஒரே நாளில் அமைந்துவிட்டால், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வரும் ஆசிரியைக்கு அந்த நாள் முழுவதுமே போய்விடும். மணிகளைச் சமமாகப் பிரித்தபின் தலைவர் பார்க்க வேண்டியது இந்தச் சுமைகளைத்தான்.

இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. தாள்களின் பட்டியலைத் துறை அறையில் எல்லோர் முன்னிலையிலும் வைத்து, ஒவ்வொருவரும் தம் விருப்பத்தில் மூன்றை எழுதித் தரச் சொல்ல வேண்டும். யாரும் விரும்பாத தாள்கள் எவை என்று அப்போதே தெரிந்துவிடும். அவற்றைச் சுழற்சியில் வைத்து, இந்த ஆண்டு யார், அடுத்த ஆண்டு யார் என்று எழுதிவைக்க வேண்டும். அந்தச் சுழற்சியில் தலைவரின் பெயரும் இருக்க வேண்டும். கடினமான தாளைப் பணியில் இளையவரின் தலையில் கட்டிவிடும் வழக்கம் நம் துறைகளில் ஊறிப்போனது; பத்தாண்டுகளாக ஒரே குறிப்பேட்டை வைத்து ஒரே தாளை நடத்தும் மூத்தவரின் வசதியும் அப்படித்தான் பாதுகாக்கப்படுகிறது. இதைக் கலைக்கும் தலைவருக்கு முதல் ஆண்டில் கெட்ட பெயர் கிடைக்கலாம். இரண்டாம் ஆண்டில் இளையவர்கள் வாய் திறந்து பேசத் தொடங்குவார்கள்.

அதே துறையில் ஓர் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் செல்கிறார், மாற்று ஆள் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 16 பாடவேளைகளை மீதமுள்ள ஏழு பேருக்கும் இரண்டு இரண்டாகப் பிரித்தால் 14 தீரும், இரண்டு மிஞ்சும். அந்த இரண்டையும் யார் எடுத்துக்கொள்கிறார் என்பதை மற்ற ஆறு பேரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். தலைவர் அதைத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டால், அதன்பின் அவர் கேட்கும் கூடுதல் வேலைக்கு மறுப்பு வருவது அரிது. விடுப்பில் சென்றவரைப் பற்றி, "அவங்களால நமக்கு எவ்வளவு சுமை பாருங்க" என்று துறை அறையில் எழும் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டியதும் தலைவரின் கடமை. விடுப்பு அவருடைய உரிமை. பணியிடம் நிரப்பப்படாதது நிர்வாகத்தின் குறை. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் துறையில் பெண்கள் நிம்மதியாக வேலை செய்ய முடியாது.

கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிரந்தர ஆசிரியர் நடத்தும் அதே பாடத்தை அவர்களும் நடத்துகிறார்கள், ஆனால் தொகுப்பூதியத்தில், அடுத்த ஆண்டு பணி தொடருமா என்ற கவலையுடன். சனிக்கிழமைக் கண்காணிப்பு, விழா நாளில் மாணவரை வரிசைப்படுத்துவது, கல்லூரியின் தரத்தைப் பார்க்க வரும் ஆய்வுக் குழுவுக்காகக் கோப்புகளைத் தட்டச்சு செய்வது என்று யாருக்கும் பிடிக்காத வேலைகளெல்லாம் அவர்களிடமே போய்ச் சேர்கின்றன. மறுத்துப் பேசும் நிலையில் அவர்கள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பந்தி பரிமாறுகிறவரின் கைப்பக்குவம் கடைசி இலையில்தான் தெரியும். துறையில் அந்தக் கடைசி இலை கௌரவ விரிவுரையாளருடையது. கண்காணிப்புப் பணியின் பட்டியலை அகரவரிசையில் சுழற்றினாலே இந்த அநியாயத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும், அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

வாய்ப்பும் பெயரும்

வேலையைப் பங்கிடுவது கண்ணுக்குத் தெரியும், அதனால் சண்டையும் உடனே வரும். வாய்ப்பைப் பங்கிடுவது மெதுவாகத்தான் வெளியே தெரிகிறது. பணி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் உதவிப் பேராசிரியர் அடுத்த நிலைக்குச் செல்லப் புத்தொளிப் பயிற்சி போன்ற பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, துறைத்தலைவர் "இப்போது வகுப்பு பாதிக்கும்" என்று ஒரு வரி எழுதினால், அந்த ஆண்டு விண்ணப்பித்தவருக்குப் போய்விடும். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போனால் பதவி உயர்வும் தள்ளிப்போகும். வகுப்பு பாதிக்கும் என்பது பெரும்பாலும் உண்மையான காரணம்தான். அதனாலேயே, இந்தப் பருவத்தில் யார், அடுத்த பருவத்தில் யார் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் பெயர் சேர்ப்பது இதைவிடக் கூர்மையான விஷயம். 2018 விதிமுறைகள் ஆய்வுக்கான மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது, இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு ஒவ்வொருவருக்கும் மொத்த மதிப்பில் 70 சதவீதம் தருகின்றன. இருவருக்கு மேற்பட்டோர் எழுதியிருந்தால் கட்டுரையில் முதலில் பெயர் வரும் முதல் ஆசிரியருக்கோ, இதழோடு தொடர்பில் இருக்கும் தொடர்பு ஆசிரியருக்கோ 70 சதவீதம், மற்றவர்களுக்கு முப்பது முப்பது. இரண்டு இளம் ஆசிரியர்கள் உழைத்து எழுதிய கட்டுரையில், ஆய்வில் பங்கெடுக்காத தலைவரின் பெயரை மரியாதைக்காக மூன்றாவதாகச் சேர்த்தால், அவர்களில் இரண்டாமவரின் பங்கு 70-இலிருந்து 30 ஆகக் குறைகிறது. மரியாதை என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஒரு வழக்கம் ஓர் இளைஞரின் பதவி உயர்வுக் கணக்கில் கைவைக்கிறது. ஆய்வில் பங்கில்லாதவர் பெயரைச் சேர்ப்பது ஆய்வு அறத்துக்கும் எதிரானது. "என் பெயர் வேண்டாம், நீங்கள் இருவரும்தானே எழுதினீர்கள்" என்று தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் சொல்லும்வரை இளையவர்களால் அதைக் கேட்க முடியாது.

கூட்டம், சுற்றறிக்கை, தகவல்

துறைக் கூட்டம் நடத்துவது எளிய வேலை போலத் தோன்றும். பேசவேண்டியவற்றை முந்தைய நாளே எழுதி அனுப்பினால் கூட்டம் பாதி நேரத்தில் முடியும். மூத்தவரிடம் முதலில் கருத்துக் கேட்டால் மற்றவர்கள் அவர் சொன்னதையே வழிமொழிவார்கள். இளையவரிடமிருந்து தொடங்கினால் தலைவருக்குத் தெரியாத செய்திகள் வெளியே வரும். முதலாண்டு வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடநூல் கிடைக்கவில்லை, ஆய்வகத்தில் இரண்டு கணினிகள்தான் வேலை செய்கின்றன என்பவை வழக்கமாக இளையவர்களுக்கே தெரிந்திருக்கும். எடுத்த முடிவுகளை அன்றே கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதப்படும் குறிப்பு சண்டைக்குத்தான் வழிவகுக்கும்.

பல்கலைக்கழகத்திலிருந்தும் கல்லூரிக் கல்வி இயக்ககத்திலிருந்தும் வரும் சுற்றறிக்கைகளைத் தமக்கு நெருக்கமானவர்களிடம் முதலில் சொல்லி, மற்றவர்களுக்குக் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் தெரியவைக்கும் தலைவர்களும் உண்டு. ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் அறிவிப்பில் இப்படி நடந்தால் அது வெறும் கவனக்குறைவு ஆகாது. வந்த அன்றே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடுவது ஒரு நிமிட வேலை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "நாளை காலைக்குள் அனுப்பவும்" என்று போடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல்வர் அலுவலகம் மாலை ஐந்துக்குக் கேட்ட விவரத்தைத் துறைக்கு இரவு பத்து மணி அவசரமாக மாற்றுவது தலைவரின் திட்டமிடாமைதான். அதன் விலையைக் கொடுப்பவர்கள் வீட்டில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள்.

மாணவர் வந்து நிற்கும் கதவு

இணைவுக் கல்லூரிகளில் பரவலாக உள்ள முறையில் ஒவ்வொரு தாளுக்கும் 25 மதிப்பெண் அகமதிப்பீடு, 75 பருவத் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கு இது 40-க்கு 60. கல்லூரியே போடும் மதிப்பெண் இவ்வளவு இருக்கும்போது, அது எப்படிப் போடப்பட்டது என்று மாணவருக்குத் தெரிந்தாக வேண்டும். தேர்வுக்கு எவ்வளவு, ஒப்படைப்புக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு என்ற பகுப்பைப் பருவத் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் போட்டு, திருத்திய விடைத்தாளை மாணவர் கையில் கொடுத்து, மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்குமுன் அவரிடம் கையெழுத்து வாங்கும் துறையில் புகார்கள் வெகுவாகக் குறைகின்றன. வந்த புகாரைச் சம்பந்தப்பட்ட ஆசிரியரை அவமதிக்காமல் தீர்ப்பதும் அப்போது எளிது. மூவரும் ஒரே விடைத்தாளைப் பார்த்துப் பேச முடியும்.

வருகைப்பதிவும் இப்படித்தான். 75 சதவீதம் இருந்தால் தேர்வெழுதலாம். 65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர்கள் உரிய காரணத்தோடு மன்னிப்புக் கட்டணம் செலுத்தித் தேர்வெழுதும் ஏற்பாடு பல பல்கலைக்கழகங்களில் உள்ளது. நுழைவுச்சீட்டு வழங்கும் வாரத்தில்தான் தம் வருகை 61 சதவீதம் என்று ஒரு மாணவருக்குத் தெரியவருகிறது என்றால், குறை அவரிடம் மட்டும் இல்லை. குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆளாக இருப்பார். இரவில் திருமண மண்டபத்தில் பரிமாறிவிட்டுக் காலையில் முதல் பாடவேளைக்கு வரமுடியாமல் போயிருக்கும். மாதந்தோறும் பட்டியலை ஒட்டி, குறைந்தவர்களைத் தனியே அழைத்துக் காரணம் கேட்டிருந்தால், இரண்டாம் மாதத்திலேயே வழி கண்டுபிடித்திருக்கலாம். விதியை வளைப்பதற்கு இது தேவையில்லை. விதி இருக்கிறது என்பதை உரிய காலத்தில் நினைவூட்டினால் போதும்.

தலைவர் விலகி நிற்கவேண்டிய இடம்

எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவைப்பவரே நல்ல தலைவர் என்ற எண்ணம் நம்மிடம் வலுவாக உண்டு. பாலியல் துன்புறுத்தல் புகாரில் அந்த எண்ணம் பெருந்தீங்காக முடியும். 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளும், உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கின்றன. மூத்த நிலையில் உள்ள பெண் ஆசிரியர் அதன் தலைமையில் இருப்பார். பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். விசாரணை 90 நாள்களில் முடிய வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், புலத்தலைவர், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 2015 விதிமுறை தெளிவாகவே சொல்கிறது. குழு யாருடைய செல்வாக்கும் இல்லாமல் இயங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆகவே ஒரு மாணவி துறைத்தலைவரின் அறைக்கு வந்து அழுதுகொண்டே ஒன்றைச் சொன்னால், தலைவர் செய்ய வேண்டியவை சில, செய்யக் கூடாதவை சில. குறுக்கிடாமல் கேட்க வேண்டும், குழுவுக்கு எப்படி எழுத வேண்டும் என்று சொல்ல வேண்டும், தேவையானால் எழுத உதவ ஒரு பெண் ஆசிரியரைத் துணைக்கு அனுப்ப வேண்டும், அந்தப் பருவத்தில் அவர் குறிப்பிட்ட ஆசிரியரின் மதிப்பீட்டுக்குக் கீழே இல்லாதபடி பார்த்துக்கொள்ள முதல்வரிடம் பேச வேண்டும். இருவரையும் அழைத்து எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் பேசக் கூடாது. பெற்றோருக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லி அவரைப் பயமுறுத்தக் கூடாது. துறையின் பெயர் கெட்டுவிடும் என்ற கவலை அந்த அறையில் எழவே கூடாது.

மேலே உள்ளவர்களும் பகிர்ந்தளித்தார்கள்

இதுவரை துறையளவில் சொன்னது பல்கலைக்கழக அளவிலும் பொருந்தும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவரும், 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவருமான மால்கம் ஆதிசேஷையா 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தர வேண்டும் என்று 1964–66-இல் செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு பரிந்துரைத்திருந்தது. அந்தக் கருத்து 1978-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. லயோலா கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆகியவை தன்னாட்சி பெற்ற முதல் வரிசையில் இருந்தன. பாடத்திட்டம் வகுப்பது, வினாத்தாள் அமைப்பது, விடைத்தாள் திருத்துவது ஆகியவை கல்லூரிகளின் கைக்கு வந்தன. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகங்களிடம் இருந்தது. தம்மிடம் இருந்த அதிகாரத்தில் ஒரு பெரும்பகுதியைப் பல்கலைக்கழகங்கள் மனமுவந்து கீழே இறக்கிவைத்த நிகழ்ச்சி இது.

அதிகாரம் கல்லூரியில் வந்து நின்றுவிடாமல் துறைக்கும் போனதா என்பது அடுத்த கேள்வி. தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் துறைத்தலைவருடன் துறை ஆசிரியர்களும், வெளியிலிருந்து பாட வல்லுநர்களும், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவரும், தொழில்துறையைச் சேர்ந்த ஒருவரும், முன்னாள் மாணவர் ஒருவரும் இடம்பெற வேண்டும். குழு இப்படி இருந்தும், தலைவர் வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர் குடித்துக் கலைந்தால், 1978-இல் கிடைத்த தன்னாட்சி ஒரே ஒருவருடைய மேசையில் தேங்கிவிடுகிறது. முன்னாள் மாணவரிடம் "நீங்கள் வேலைக்குப் போனபின் இவற்றில் எது உதவியது, எது உதவவில்லை?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட துறைகளில் பாடத்திட்டம் உயிரோடு இருக்கிறது.

இன்னோர் எடுத்துக்காட்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த மு. ஆனந்தகிருஷ்ணனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பொறியியல் சேர்க்கையின் ஒற்றைச் சாளர முறை. தரவரிசைப்படி அழைக்கப்பட்ட மாணவரும் பெற்றோரும் கலந்தாய்வு அரங்கில் அமர்ந்து, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதம் இருக்கிறது என்பதைத் திரையில் தாங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2018 முதல் அது இணையவழியில் நடக்கிறது. யாரையும் தெரியாத ஒரு விவசாயத் தொழிலாளியின் மகளும் தம் மதிப்பெண்ணுக்கு உரிய இடத்தைக் கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ள முடிந்தது. கால அட்டவணையை எல்லோர் முன்னிலையிலும் வைத்துப் போடுங்கள் என்று மேலே சொன்னதும் இதே கொள்கைதான், அளவு மட்டும் சிறியது.

தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவையான நாக், 2017-இல் திருத்திய கட்டமைப்பில் ஏழு அளவுகோல்களை வைத்தது. அவற்றில் ஆறாவது ஆளுகை, தலைமை, மேலாண்மை. மொத்தம் 1,000-இல் அதற்கு 100 மதிப்பெண். தலைமையை அளக்கவேண்டும் என்ற எண்ணம் வரவேற்கத்தக்கது. ஆனால் கோப்புகளில் பதிவாவது குழுக்களின் பட்டியலும் கூட்டங்களின் தேதியும்தான். அந்தக் கூட்டத்தில் இளைய ஆசிரியர் பேசினாரா, அவர் பேச்சு கேட்கப்பட்டதா என்பதைத் துறைக்குள் இருப்பவர்களே அறிவார்கள். ஆய்வுக் குழு வரும் ஆண்டில் மட்டும் குறிப்பேடுகளை நிரப்புவதில் ஆசிரியர்களின் மாலைப்பொழுதுகளைச் செலவிட்டுவிட்டு, அதைத் தலைமை என்று நம்பிவிடக் கூடாது.

பொறுப்பை ஒப்படைப்பது

ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். இன்று அப்படி ஒரு நீண்ட காலம் யாருக்கும் கிடைக்காது. சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். 2018 விதிமுறைகளின்படி கல்லூரி முதல்வருக்கு ஐந்து ஆண்டுகள், செயல்பாட்டை மதிப்பிட்டு மேலும் ஒரு முறை நீட்டிக்கலாம். பணிமூப்பில் வரும் துறைத்தலைவர்களில் சிலருக்கு ஓய்வுபெற ஒன்றிரண்டு ஆண்டுகளே மிஞ்சியிருக்கும். அதனால் ஒருவரின் நல்ல பழக்கங்கள் அவரோடு போய்விடாமல் துறையின் நடைமுறையாக நிலைக்க வேண்டுமென்றால், அவை எழுத்தில் இருக்க வேண்டும்.

கடினமான தாள்களின் சுழற்சிப் பட்டியல், கண்காணிப்புப் பணியின் வரிசை, பயிற்சிக்கு யார் எப்போது என்ற திட்டம், அகமதிப்பீட்டின் பகுப்பு ஆகிய நான்கும் துறைக் கோப்பில் இருந்தால் புதியவர் முதல் நாளிலேயே வேலையைத் தொடங்க முடியும். ஓய்வுக்கு ஓராண்டு முன்பே பாடத்திட்டக் குழுவின் அழைப்புகளை அனுப்புவது, பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவோடு பேசுவது, நிதிக்கணக்கை முடிப்பது ஆகியவற்றை அடுத்து வரப்போகிறவரிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்து, அவர் செய்யும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். இருப்புப் பதிவேட்டை இருவரும் சேர்ந்து சரிபார்த்து, ஆய்வகத்தில் உடைந்தவை எவை, பழுதுபார்க்க அனுப்பியவை எவை என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். துறை மின்னஞ்சலின் கடவுச்சொல் ஓய்வுபெற்றவரின் கைப்பேசியில் மட்டும் இருந்ததால், முதுகலை மாணவர்களின் ஆய்வேடு சமர்ப்பிக்கும் கடைசித் தேதி பற்றிய அறிவிப்பைப் பார்க்காமல் விட்ட துறையும் உண்டு. பொறுப்பேற்பவர் தயக்கமில்லாமல் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அன்றே மாற்றி, துறையின் இன்னோர் ஆசிரியரிடமும் கொடுத்துவைக்க வேண்டும்.